சாயத்தில் மருந்து கண்ட மேதை

சென்னை மாநகருக்கு மேற்கே பரந்து விரிந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. அடையாற்றுக்கு நீர் தருவதும், மாநகர மக்களின் தாகம் தீர்ப்பதும் அதன் பணிகளாகும். அவ்வேரி நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டின்மேல் இட்டு, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கினால் தெளிவாக ஒன்றும் புலப்படாது. அத்தகட்டின்மேல் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தில் ஒரு சொட்டு இட்டுக் கழுவியபின் மீண்டும் நோக்கினால், புள்ளிகள் போன்றும் சிறு கோல்கள் போன்றும் நுண்ணுயிர்கள் நீல நிறத்துடன் காட்சி தரும். அந்நீரைத் தூய்மை செய்த பின்னரே மக்களுக்கு வழங்குவது ஏன் என்பதும் அப்பொழுது விளங்கும்.

கண்ணுக்குத் தோன்றாத கிருமியைக் காட்டிக் கொடுக்கும் சாயம், அக்கிருமியைக் கொல்லவும் வல்லதாகுமோ? இவ்வினாவை எழுப்பி, அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட பெரியார் ஒருவர் உளர். அவரே ஜெர்மனி நாட்டு மருத்துவ மேதை பால் எர்லிக் ஆவார்.

இளமையும் கல்வியும்

எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் சைலீசியா நாட்டுப் பகுதியில் உள்ள ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்துள்ளது. பிரஸ்லா நகரத்து உயர்நிலைப் பள்ளியில் அவர் கல்வி கற்றார். தேர்வுகளைக் கண்டு அஞ்சும் இயல்பினராகவே அவர் பள்ளியில் விளங்கினார். ஆயினும், தாம் விரும்பிய பொருளில் அவருக்கிருந்த ஊக்கத்திற்கு எல்லை இல்லை.

அவருடைய தாய்வழி உறவினர் கார்ல் வைகர்ட் என்பவர், உடலின் திசுக்களுக்குச் சாயம் ஏற்றி ஆராய்வதில் வல்லவர். கிருமிகளுக்கு முதன்முதல் சாயம் ஏற்றிக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். அவரிடமிருந்தே சாயத்தின்மேல் காதல் எர்லிக்கைப் பற்றிக்கொண்டது. அக்காலம் ஜெர்மனியில் சாயத் தொழில் செழித்து வளர்ந்த காலம். நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்கள் ஆண்டுதோறும் ஆலைகளில் பிறந்தன. பிறர் அவற்றைத் துணிக்கு ஏற்றினர். எர்லிக் அவற்றை உயிரணுக்களுக்கு ஏற்றினார்.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மருத்துவம் பயின்றபோது, அவர் அமர்ந்து பணிபுரிந்த மேசை எந்நேரமும் பல வண்ணங்களுடன் காட்சியளித்தது. அதனைக் கண்ட ஆசிரியர் வால்டையர் சினவாது, மாணவரைத் தம் போக்கிலே விட்டுவிட்டார். நல்லாசிரியரின் அப்பெருந்தன்மை உலகிற்குப் பெரும்பயன் விளைத்தது.

ஈய நஞ்சு உடலின் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவாகச் சேர்வதில்லை என்னும் செய்தியை எர்லிக் மாணவப் பருவத்தில் படித்தார். சில உறுப்புகள் அதனை மிகுதியாக ஈர்க்கின்றன, சில ஈர்ப்பதில்லை. சாயங்களும் அவ்வாறே நடந்துகொள்வதை அவர் கண்டார். ஒரு சாயம் ஒரு வகை அணுவை மட்டும் நாடிச் சென்று பற்றுகிறது. அடுத்திருக்கும் அணுவைத் தீண்டுவதும் இல்லை. எப்பொருளும் தான் பற்றிய இடத்திலேயே செயல்படும் என்பதே அவருடைய கொள்கை ஆயிற்று. பிற்காலத்தில் அவர் செய்த செயல்கள் அனைத்தும் இவ்வொரு வித்திலிருந்து முளைத்தவையே.

அணுவும் கிருமியும்

1878-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்ற எர்லிக், பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையில் பணியேற்றார். அங்கே இரத்தத்திற்குச் சாயம் ஏற்றி ஆராய்ந்து, வெள்ளணுக்கள் ஒரே வகையின அல்ல என்று காட்டினார். உடலுக்குள் புகும் கிருமிகளோடு பொருது நம்மைக் காக்கும் படைவீரர்கள் போன்றவை வெள்ளணுக்கள். அப்படையின் பிரிவுகளை நிறத்தால் வேறு பிரித்துக் காட்டிய பெருமை எர்லிக்கைச் சாரும்.

1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் ராபர்ட் கோக் என்னும் அறிஞர், காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்ததைப் பெர்லினில் அறிவித்தார். அவையில் இருந்த எர்லிக் அன்றே அக்கிருமியைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். சாயம் ஏற்றிய தகடுகளை அவர் ஆறிய அடுப்பின்மேல் உலர வைத்திருந்ததாகவும், அதனை அறியாது ஒருவர் அடுப்பை மூட்டிவிட்டதாகவும், அவ்வெப்பத்தால் கிருமிகள் முன்னிலும் நன்றாகச் சாயத்தைப் பற்றியிருந்ததாகவும் கூறுவர். காசநோய்க் கிருமி ஒருமுறை பற்றிய சாயத்தை அமிலம் பட்டாலும் விடுவதில்லை என்பதை எர்லிக் நிலைநாட்டினார். அவர் வகுத்த அம்முறையே சிறிது திருத்தம் பெற்று, நோயாளியின் சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டறிய இன்றும் நம் நாட்டில் பயன்பட்டு வருகிறது.

எந்தக் கிருமியைத் தேடினாரோ அந்தக் கிருமி அவரையும் பற்றியது. தம் சளியிலேயே காசநோய்க் கிருமி இருப்பதைத் தாம் வகுத்த முறையாலேயே அவர் கண்டார். பணியை விடுத்து எகிப்து நாட்டிற்குச் சென்று தங்கி, 1889-ஆம் ஆண்டு உடல் தேறித் திரும்பினார்.

நரம்பை நாடிய நீலம்

எர்லிக்கின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த சாயம் மெத்திலீன் நீலமாகும். 1876-இல் ஹைன்ரிக் காரோ என்னும் இரசாயன அறிஞர் ஆக்கிய அச்சாயத்தை எர்லிக் உயிருள்ள விலங்குகளின் உடலில் செலுத்திப் பார்த்தார். உடல் முழுவதும் பரவிய அது, நரம்பிழைகளைச் சிறப்பாக நாடிச் சென்று நீலமாக்கியது. நரம்பைப் பற்றும் பொருள் நரம்பின் வேதனையையும் குறைக்கக்கூடும் அன்றோ? 1890-ஆம் ஆண்டு லெப்மன் என்பவருடன் சேர்ந்து எர்லிக் அதனை நரம்பு வலியால் வருந்தினோர்க்குக் கொடுத்தார். அவர்களுள் பலருக்கு வலி தணிந்தது.

அதே சாயம் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் உள்ள கிருமிகளையும் நன்கு பற்றுவதை அவர் அறிந்தார். ஆதலின், 1891-ஆம் ஆண்டு குட்மன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து, மலேரியாக் காய்ச்சலால் வாடிய இருவருக்கு மெத்திலீன் நீலத்தை உட்கொள்ளச் செய்தார். இருவருக்கும் காய்ச்சல் நீங்கியது. இரத்தத்தில் கிருமிகளும் மறைந்தன. ஆலையில் செயற்கையாக ஆக்கப்பெற்ற ஒரு பொருள் மனிதரின் தொற்றுநோயைத் தீர்த்தது அதுவே முதன்முறையாகும். கொயினாவைப்போல் அது வலிமை உடையதன்று ஆதலின் பெருவழக்கிற்கு வரவில்லை. ஆயினும், ஒரே பொருள் நரம்பிலும் கிருமியிலும் செயல்படக்கூடும் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

அளவறிந்த அறிஞர்

பின்னர் எர்லிக், கோக் என்பாரின் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். குழந்தைகளைக் கொள்ளை கொண்டுவந்த தொண்டை அடைப்பான் நோய்க்கு விலங்குகளின் இரத்தத்திலிருந்து மாற்று மருந்து எடுக்கும் முறையைப் பேரிங் என்பவர் கண்டிருந்தார். ஆனால் ஒரு குப்பியிலுள்ள மருந்தின் வலிமை மற்றொரு குப்பியில் இருப்பதில்லை. எவ்வளவு கொடுத்தால் குழந்தை பிழைக்கும் என்பதை எவரும் துணிந்து கூற இயலவில்லை. எர்லிக் அம்மருந்தின் வலிமையை அளப்பதற்கு ஓர் அலகை வகுத்து, அவ்விடரைக் களைந்தார். உடல் நோயை எதிர்க்கும் ஆற்றலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் மெட்ச்னிகாப் என்னும் ருஷ்ய அறிஞருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

1899-இல் பிராங்க்பர்ட் நகருக்கு வந்து ஆராய்ச்சி நிலையத் தலைவரான எர்லிக், மீண்டும் தம் பழைய கனவில் ஈடுபட்டார். கிருமியை மட்டும் தாக்கி, உடலைத் தாக்காத மருந்து வேண்டும் என்பதே அக்கனவு. இராமபாணம் இலக்கைத் தவிர வேறொன்றையும் தீண்டாது என்று நம் முன்னோர் சொல்வர். அத்தகைய பாணத்தையே எர்லிக் இரசாயனத்தில் தேடினார்.

இத்தேட்டத்தில் அவர் இரண்டு உண்மைகளைக் கண்டார். மருந்தை மதிப்பிட இரண்டு அளவுகளை ஒப்பிட வேண்டும் என்பது ஒன்று. நோயைத் தீர்க்கப் போதுமான அளவு எது? உடல் தாங்கக்கூடிய அளவு எது? முன்னது சிறியதாகவும் பின்னது பெரியதாகவும் இருந்தாலே அப்பொருள் மருந்தாகும்; இன்றேல் அது நஞ்சே. மற்றோர் உண்மை 1907-இல் தெரியவந்தது. போதாத அளவில் மருந்தைப் பன்முறை கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. பின்னர் எவ்வளவு கொடுத்தாலும் அவை சாவதில்லை. மருந்தை எதிர்க்கும் அவ்வாற்றல் அவற்றின் வழித்தோன்றல்களுக்கும் சென்று சேர்கிறது. பென்சிலின் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே எர்லிக் இவ்விடரைக் கண்டுகொண்டார் என்பது வியப்பிற்குரியதாகும்.

606

அக்காலத்தில் மேகநோய் ஐரோப்பாவில் எண்ணற்றோரை அழித்து வந்தது. பாதரசம் தவிர வேறு மருந்து இல்லை. அதுவோ நோயினும் கொடியது. எர்லிக்கின் நிலையத்தில் ஆர்சனிக் கலந்த பொருள்கள் நூற்றுக்கணக்கில் ஆக்கப்பெற்று, ஒவ்வொன்றும் எண்ணிடப்பெற்றது. 606 என்னும் எண்ணுடைய பொருள் 1907-இல் ஆக்கப்பெற்று, பயனற்றதென ஒதுக்கி வைக்கப்பெற்றிருந்தது. 1909-இல் ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்த ஹாட்டா என்னும் இளம் ஆராய்ச்சியாளர் அதனை மீண்டும் பொறுமையுடன் முயல்களிடம் சோதித்தார். நோயுற்ற முயல்கள் குணம் பெற்றன. 1910-ஆம் ஆண்டு அச்செய்தி உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. அம்மருந்தே சால்வர்சான் எனப் பெயர் பெற்றது.

விற்பனைக்கு விடுவதற்குமுன் சுமார் 65,000 அளவு மருந்தை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பி, நிகழ்ந்தவற்றை எழுதுமாறு எர்லிக் கேட்டுக்கொண்டார். வந்த ஒவ்வொரு மடலையும் அவர் ஆராய்ந்தார். மருந்தைத் தவறாகக் கையாண்ட இடங்களில் கேடு விளைந்ததும் உண்டு, உயிரிழப்பும் நேர்ந்தது. அவற்றை மறைக்க அவர் முயலவில்லை. குறைந்த நஞ்சுடைய புதிய வடிவத்தை ஆக்கி 1912-இல் வெளியிட்டார். புகழோடு பழியும் அவரைத் தொடர்ந்தது. பொறாமை கொண்டோர் தூற்றினர். வழக்கு மன்றத்திலும் அவர் சான்று கூற நேர்ந்தது. உடல் நலிந்திருந்த அவர் உள்ளம் அதனால் மிகவும் நொந்தது.

1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் எர்லிக் இவ்வுலக வாழ்வை நீத்தார். யூதராகப் பிறந்தவர் என்னும் ஒரே காரணத்தால், பின்னாளில் நாஜி ஆட்சியினர் அவர் பெயரைத் தெருப் பலகையிலிருந்தும் அகற்றினர். அவ்வாட்சி அழிந்தது, எர்லிக்கின் பெயர் மீண்டும் நிலைபெற்றது. அவர் உருவம் ஜெர்மனியின் 200 மார்க்குப் பணத்தாளிலும் பொறிக்கப்பெற்றது.

நீலச் சாயத்தின் வழித்தோன்றல்கள்

எர்லிக் மறைந்த பின்னரும் மெத்திலீன் நீலத்தின் கதை முடிவுறவில்லை. அச்சாயத்தின் நடுவில் அமைந்துள்ள இரசாயனக் கட்டமைப்பிற்குப் பீனோதயசின் என்பது பெயர். 1940-களில் பிரெஞ்சு நாட்டு அறிஞர்கள் அதனை அடிப்படையாகக் கொண்டு மலேரியாவுக்குப் புதிய மருந்து தேடினர். மலேரியா தீரவில்லை. ஆனால் அப்பொருள்கள் ஒவ்வாமையைத் தணித்து உறக்கம் தருவதைக் கண்டனர். புரோமெத்தசின் அவ்வாறு பிறந்தது. 1950-ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்கப்பெற்ற குளோர்புரோமசின், கொந்தளித்த மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தாக உலகெங்கும் பரவியது. கிருமியைக் கொல்லத் தேடிய வழியில் மனிதன் அமைதி மருந்தை எதிர்ப்பட்டான்.

பின்னர் அவ்வழியிலேயே அவன் திரும்பியும் நடந்தான். இவ்வகை அமைதி மருந்துகள் சோதனைக் குழாயில் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்பது தெரியவந்தது. கொல்கத்தா யாதவ்பூர்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இத்துறையில் நெடுங்காலம் உழைத்து, பல செய்திகளை வெளியிட்டுள்ளனர். காசநோய்க் கிருமியும் இம்மருந்துகளுக்குப் பணிவது சோதனையில் காணப்பெற்றது.

இன்று இவ்வினா முன்னிலும் பெரியதாகியுள்ளது. பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், உயிருக்குப் போராடும் நோயாளிக்கு மூச்சுக் குழலில் குழாய் செருகி, இயந்திரத்தால் சுவாசம் ஊட்டுவர். அவர் துன்புறாமலும் குழாயைப் பிடுங்காமலும் இருக்கும்பொருட்டு அமைதி மருந்தை நாட்கணக்கில் செலுத்துவர். அக்குழாய் வழியாகவே கிருமிகள் நுரையீரலுக்குள் புகுவதும் உண்டு. நோயாளியின் உடலில் இடைவிடாது ஓடும் அவ்வமைதி மருந்து, புகுந்த கிருமிக்குப் பகையா, துணையா?

விடை ஒரே தன்மையதாக இல்லை. புரொபொபால் என்பது பால்போல் வெண்மையான கொழுப்புக் கரைசலில் கலந்து வரும் மருந்து. அக்கொழுப்பில் கிருமிகள் செழித்து வளரும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் அதனைத் தூய்மையின்றிக் கையாண்டதால் நோயாளிகளுக்குக் கொடிய தொற்று நேர்ந்தது. அதன்பின்னர்க் கிருமி வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் பொருளை அதனுடன் சேர்க்கலாயினர். திறந்த குப்பியை நெடுநேரம் வைத்திருத்தலாகாது என்பதும் கட்டாய விதியாயிற்று. தயோபென்டோன் என்னும் மருந்தோ சோதனைக் குழாயில் கிருமிகளைத் தடுக்கிறது. ஆனால் உடலுக்குள் மிகுதியாகச் சென்றால் வெள்ளணுக்களின் போராற்றலை அதுவே மழுங்கச் செய்கிறது. சோதனைக் குழாயில் கிருமிக்குப் பகையானது, நோயாளியின் உடலில் அதற்குத் துணையாகவும் ஆகிவிடுகிறது.

அங்ஙனமாயின் அமைதி மருந்தைக் கிருமிக்கொல்லியாகக் கொள்ளலாமா? எர்லிக் வகுத்த அளவுகோலே இதற்கு விடை பகர்கிறது. சோதனைக் குழாயில் கிருமியைத் தடுக்கத் தேவையான அளவு, பெரும்பாலும் மனித இரத்தம் தாங்கும் அளவைவிட மிகப் பெரிதாக உள்ளது. ஆதலின் அவற்றை நம்பித் தக்க கிருமிக்கொல்லி மருந்தையோ, கைகழுவும் வழக்கத்தையோ கைவிடுதல் கூடாது. போதாத அளவில் நெடுநாள் மருந்தோடு பழகும் கிருமி எதிர்ப்பாற்றல் பெறும் என்பது எர்லிக் கண்ட மற்றோர் உண்மை. கிருமிக்கொல்லி அல்லாத மருந்துகளும் அத்தீமைக்கு இடந்தரக்கூடுமா என்பதை அறிஞர் இன்று கருத்துடன் ஆராய்கின்றனர். எனினும் இவ்வாராய்ச்சியை வீண் என்று தள்ளிவிட முடியாது. பழைய மருந்துகள் பல பயனிழந்து வரும் இந்நாளில், அமைதி மருந்தின் கட்டமைப்பைச் சிறிது மாற்றியும், கிருமிக்கொல்லியுடன் சேர்த்தும் புதிய துணை பெறலாம் என்பதே அவர்தம் நம்பிக்கை.

எர்லிக் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அவர் ஆக்கிய 606 இன்று வழக்கில் இல்லை. பென்சிலின் அதன் இடத்தைப் பெற்றது. ஆனால் ஒரு பொருள் எதனைப் பற்றுகிறது, எவ்வளவில் நன்மை செய்கிறது, எவ்வளவில் தீங்கு செய்கிறது என்று அளந்து பார்த்த பின்னரே அதனை மருந்தென ஏற்க வேண்டும் என்னும் அவருடைய நெறி மறையவில்லை. ஒதுக்கப்பட்ட பொருளை மீண்டும் சோதிக்கும் பொறுமையும், நேர்ந்த தீங்கை மறைக்காத நேர்மையும் உடையோர்க்கே அந்நெறி கைவரும். அறிவியல் பயிலும் இளைஞர் அனைவரும் அவ்விரு பண்புகளையும் எர்லிக்கின் வாழ்விலிருந்து கற்றுக்கொள்வார்களாக!